பைதன் வகுப்பும் கடைக் கொப்பியும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஏஎல் ஐசிடி படிக்கிற பிள்ளைகள் முழுதாக வாசியுங்கள். மற்றவர்கள் முதல் பாதியையாவது வாசியுங்கள். அது ஒரு பையனுடைய மானத்தைப் பற்றியது, ஒரு ராத்தாவுடைய மானத்தையும் பற்றியது.

போன மாதக் கடைசியில் நம்ம பக்கத்துப் பலசரக்குக் கடை ஒன்றில் நடந்த பிரச்சினை உங்களில் பலருக்குத் தெரியும். வட்ஸ்அப் குரூப்களில் வொய்ஸ் போட்டே ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். கடையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை. தெரிந்தவர்கள் கமெண்டிலும் எழுத வேண்டாம். என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சுற்றிய வொய்ஸ் ஒன்றிலும் அது இல்லை.

கடைக்கார நானாவுக்குக் கடன் கொப்பியைக் கொம்பியூட்டருக்கு மாற்ற ஆசை. ஏஎல் எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் ஒரு பையன் பைதனில் புரோகிராம் எழுதிக் கொடுத்தான். ஒரு சதம் வாங்கவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்று ஆறு வீட்டுக் கணக்கை மட்டும் எடுத்தார்கள். மாதக் கடைசி இரவு கொப்பியைப் பார்த்துப் பார்த்து ஆறு வீட்டுச் சாமான்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினார்கள், பில் அடித்தார்கள். காலையில் முதல் ஆளாக வந்த ராத்தாவின் கையில் பில்லைக் கொடுத்தார் நானா.

பில்லில் 43 சாமான். கடைசியில் நிலுவை 8,640 ரூபா என்று இருந்தது. ஆனால் அந்த 43 சாமானின் விலையைக் கூட்டினால் ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. நானா என்ன நினைத்தார்? சாமான் ஒவ்வொன்றும் விலையோடு வரிவரியாக இருக்கிறது, ஆகவே சாமான் சரி, கூட்டல்தான் பிழைத்திருக்கிறது என்று நினைத்தார். 

"கொம்பியூட்டர்ல இருக்கிறதத்தான் சொல்றன் ராத்தா, அது பொய் சொல்லுமா?"

"எங்கட வீட்ட பால்மா குடிக்கிற புள்ள ஆரு நானா? கடைசிப் புள்ள இந்த வருசம் ஓஎல் எழுதுறா."

இந்தக் கதை மதியத்துக்குள் இரண்டாகப் பிரிந்தது. ஒரு குரூப்பில் அந்த ராத்தா வாங்கின சாமானை மறுக்கிறார் என்று ஓடியது. இன்னொரு குரூப்பில் பையன் கணக்கில் விளையாடிவிட்டான், கள்ளன் என்று ஓடியது. இரண்டுமே பொய். பில் அடித்த புரோகிராமில் வைரஸும் இல்லை. பையன் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இரவு என் வீட்டுக்கு வந்தான். முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் கோடைப் பார்க்கவில்லை, முதலில் மற்ற ஐந்து பில்லையும் கேட்டேன். ஆறு பில்லிலும் அதே 43 சாமான், அதே ஒழுங்கில். நிலுவை மட்டும் ஆறிலும் வேறு வேறு. அந்த நிலுவைகளைக் கொப்பியோடு ஒத்துப் பார்த்தால் ஆறும் சதம் பிசகாமல் சரி. 

நானா எதை நம்பினாரோ அதுதான் பிழை. எதைப் பிழை என்றாரோ அதுதான் சரி.

இனி ஏன் அப்படி நடந்தது என்று சொல்கிறேன். இங்கே கோடை அப்படியே போட மாட்டேன். பைதனில் வரியின் முன்னால் விடுகிற இடைவெளிக்கே அர்த்தம் இருக்கிறது, பேஸ்புக் அதைத் தின்றுவிடும். வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். மாறிகளின் பெயரைத் தமிழில் சொல்கிறேன். பைதன் 3 தமிழ் எழுத்தில் வைத்த மாறிப் பெயர்களை உண்மையிலேயே ஏற்கும், ஆசையிருந்தால் செய்து பாருங்கள். கிளாஸ், டெஃப் போன்ற மொழியின் சொந்தச் சொற்களைத்தான் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

பையன் 'வீடு' என்று ஒரு வகுப்பு எழுதியிருந்தான். நம்ம பாடசாலை வகுப்பை நினைக்காதீர்கள். ஒரு வீட்டுக் கணக்கு எப்படி இருக்க வேண்டும், அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று ஒரு தடவை எழுதி வைக்கிற இடம் அது. அதை வைத்து எத்தனை வீட்டுக் கணக்கையும் உண்டாக்கலாம், அப்படி உண்டாகிற ஒவ்வொன்றும் ஒரு ஒப்ஜெக்ட். வகுப்பின் தலைப்புக்குக் கீழே அவன் இரண்டு வரி எழுதியிருந்தான். ஒன்று, 'சாமான்கள்' என்பது ஒரு வெறும் லிஸ்ட். இரண்டு, 'நிலுவை' என்பது பூச்சியம். அதற்குக் கீழே 'கடன்' என்று ஒரு ஃபங்ஷன். சாமான் வாங்கினால் செல்ஃப் புள்ளி சாமான்கள் என்ற லிஸ்டில் அதை அப்பென்ட் செய், செல்ஃப் புள்ளி நிலுவையோடு விலையைக் கூட்டு. அவ்வளவுதான்.

வாசிக்கும்போது நேர்மையாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெறும் லிஸ்ட், ஒரு பூச்சியம். பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான் வாசிப்பார்கள். பைதன் அப்படி வாசிக்காது.

வகுப்புக்குள் எழுதிய வரிகளைப் பைதன் ஒரே ஒரு தடவைதான் ஓட்டும். புரோகிராம் அந்த இடத்துக்கு வந்து சேரும்போது, ஒரு வீட்டுக் கணக்கும் உண்டாவதற்கு முன்பே. சந்தேகம் என்றால் வகுப்பின் உள்ளே, ஃபங்ஷன்களுக்கு வெளியே, ஒரு பிரிண்ட் வரி போட்டுப் பாருங்கள். ஒரு ஒப்ஜெக்டும் உண்டாக்காமலே அது அச்சாகும். பிறகு ஆயிரம் ஒப்ஜெக்ட் உண்டாக்கினாலும் திரும்ப அச்சாகாது. ஆகவே அந்த வெறும் லிஸ்டும் ஒரு தடவைதான் உண்டானது. ஆறு வீட்டுக்கும் ஒரு லிஸ்ட். கடைக் கொப்பியில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதற்குப் பதிலாகச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, ஆறு வீட்டுச் சாமானையும் அதில் எழுதி, கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தது போல.

அப்போ நிலுவை ஏன் சரியாக வந்தது? அதுவும் அதே இடத்தில் எழுதிய வரிதானே என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். 

செல்ஃப் புள்ளி நிலுவை என்று வாசிக்கும்போது பைதன் முதலில் அந்த வீட்டு ஒப்ஜெக்டில் தேடும். அங்கே இல்லாவிட்டால் வகுப்பில் தேடும். முதல் தடவை வகுப்பில் உள்ள பூச்சியம் கிடைக்கும். அதோடு விலையைக் கூட்டி வந்த புது எண்ணைத் திருப்பி எழுதும்போது அது வகுப்புக்குப் போகாது, அந்த வீட்டிலேயே நிலுவை என்று ஒன்றை உண்டாக்கி அதில் எழுதும். வாசிப்பது மேலே போய்த் தேடும், எழுதுவது செல்ஃபிலேயே நிற்கும். எண்ணை உள்ளுக்குள் மாற்ற முடியாது, ஒவ்வொரு தடவையும் புது எண்தான். அதனால் முதல் சாமானோடு ஒவ்வொரு வீடும் தன் நிலுவையைத் தனியாகப் பிரித்துக்கொண்டுவிட்டது. லிஸ்ட் அப்படியில்லை. அப்பென்ட் என்பது எழுதுவது போலத் தெரிந்தாலும் பைதனுக்கு அது வாசிப்பு. சாமான்கள் என்ற பெயரைத் தேடுகிறது, வகுப்பில் உள்ள லிஸ்டைக் கண்டுபிடிக்கிறது, அந்த லிஸ்டின் உள்ளேயே போடுகிறது. வீட்டில் புதிதாக ஒன்றும் உண்டாகவில்லை.

பையன் கொடுப்பதற்கு முன் சோதித்துத்தான் கொடுத்தான். ஒரே ஒரு வீட்டை வைத்துச் சோதித்தான். ஒரு வீடு மட்டும் இருந்தால் சுவர்த் தாளும் கொப்பிப் பக்கமும் ஒன்றுதான். அதனால் பிடிபடவில்லை. இதற்காக அவனைக் கெட்டவன் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பைதனுடைய அதிகாரபூர்வப் பாடப் பக்கத்திலேயே வகுப்புகளைப் பற்றிய பகுதியில் இதே பிழை எச்சரிக்கையாக இருக்கிறது. அங்கே நாயும் அது கற்ற வித்தைகளும் உதாரணம். ஒரு நாய்க்குச் சொல்லிக்கொடுத்த வித்தை மற்ற நாயின் லிஸ்டிலும் வந்துவிடும். ஒரு மொழியைச் செய்தவர்களே புதியவர்கள் இங்கே விழுவார்கள் என்று பலகை நட்டு வைத்திருக்கிறார்கள் என்றால், விழுந்தவன் கள்ளன் இல்லை.

திருத்தம் சின்னது. முன்னாலும் பின்னாலும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட இனிட் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. ஒவ்வொரு ஒப்ஜெக்ட் உண்டாகும்போதும் அது ஓடும். அந்த இரண்டு வரியையும் அதற்குள் கொண்டுபோய் முன்னால் செல்ஃப் புள்ளி சேர்த்தான். அதே இரவில் ஆறு பில்லும் சரியாக வந்தன. காலையில் நானாவும் பையனும் சேர்ந்தே ராத்தாவின் வீட்டுக்குப் போய்ப் புதுப் பில்லைக் கொடுத்திருக்கிறார்கள். அது பற்றி ஒரு வொய்ஸும் வரவில்லை என்பதையும் கவனித்தேன்.

கடைக் கதை இத்தோடு முடிந்தது. இனி வருவது பிள்ளைகளுக்கு.

திருத்தும்போது அவனுக்கு இன்னொரு இடத்தில் இடித்தது. வகுப்பின் உள்ளே 'வரம்பு' என்று பத்தாயிரம் எழுதியிருந்தான், ஒரு வீட்டுக்கு அவ்வளவுக்கு மேல் கடன் இல்லை. இது வகுப்பில் இருப்பது சரி, எல்லா வீட்டுக்கும் பொதுதானே. ஆனால் கடன் ஃபங்ஷனுக்குள் வெறுமனே வரம்பு என்று எழுதியதும் நேம் எரர். அப்படி ஒரு பெயரே தெரியாது என்கிறது பைதன். "சேர், நாலு வரி மேல இருக்கு, அதுக்குத் தெரியல்லயா?"

தெரியாது. அது பழுது இல்லை, விதி.

ஃபங்ஷனுக்குள் ஒரு வெறும் பெயர் வந்தால் பைதன் நாலு இடத்தில் தேடும். முதலில் அந்த ஃபங்ஷனுக்குள். பிறகு அதைச் சுற்றி வேறு ஃபங்ஷன் இருந்தால் அதில். பிறகு முழு ஃபைலின் மட்டத்தில். கடைசியாகப் பைதனோடு கூடவே வருகிற பெயர்களில். இந்த வரிசையில் வகுப்பு இல்லை. இடைவெளியைப் பார்த்தால் ஃபங்ஷன் வகுப்பின் வயிற்றுக்குள் இருப்பது போலத்தான் தெரியும். கண்ணுக்கு உள்ளே, தேடலுக்கு வெளியே. 

நான் பாடத்தில் இதை இப்படிச் சொல்வேன். ரோட்டில் நின்று ஒரு பிள்ளை "மாமா" என்று கூப்பிட்டால் யார் திரும்புவார்? ரோட்டில் நிற்கிற எந்த மாமாவும் திரும்பலாம். "எங்கட மாமா" என்றால் அந்த வீட்டு மாமா மட்டும்தான். நம்ம பேச்சில் 'எங்கட' செய்கிற வேலையைப் பைதனில் செல்ஃப் செய்கிறது. வகுப்பின் பெயரைத் தேடி உள்ளே போக வேண்டும் என்றால் வாய் திறந்து எங்கட என்று சொல்ல வேண்டும். செல்ஃப் புள்ளி வரம்பு, அல்லது வகுப்பின் பெயரையே சொல்லி வீடு புள்ளி வரம்பு. வெறுமனே வரம்பு என்றால் அது ரோட்டுக்குப் போய்விடும்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்கிற பிள்ளைக்கு நான் எப்போதும் கூடுதல் நேரம் கொடுப்பேன். ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன் இருந்தால் உள்ளே இருப்பது வெளியே உள்ளதன் மாறிகளைப் பார்க்கலாம் என்ற விதி பைதனில் ஆரம்பத்தில் இருக்கவில்லை. ஜெரமி ஹில்டன் எழுதிய பெப் 227 என்ற முன்மொழிவோடு 2001ல் பைதன் 2.1ல் விருப்பத்துக்கு எடுத்துக்கொள்ளும் வசதியாக வந்து, 2.2ல் நிரந்தரமானது. அப்போதே வகுப்புகளைத் தாண்டிப் போகும் என்று எழுதி வைத்தார்கள். வகுப்பின் பெயர்களும் ஃபங்ஷனின் பெயர்களும் ஒன்றோடொன்று சிக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

அந்தச் சிக்கல் எப்படி இருக்கும் என்று பையனுடைய புரோகிராமிலேயே காட்டினேன். பில் அடிக்கிற ஃபங்ஷனுக்கு அவன் பிரிண்ட் என்றே பெயர் வைத்திருந்தான். அதற்குள் சாமானைத் திரையில் காட்ட வழமையான பிரிண்டைக் கூப்பிட்டிருந்தான். வகுப்பின் பெயர்கள் ஃபங்ஷனுக்குள் நேரே தெரியும் என்றால் அந்தக் கூப்பாடு பைதனுடைய பிரிண்டுக்குப் போகாது, அவனுடைய பிரிண்டுக்கே வரும். அது திரும்பத் தன்னையே கூப்பிடும், அது திரும்ப. ஆயிரம் தடவை அளவில் பைதன் வெறுத்துப் போய் நிறுத்திவிடும். வகுப்பைத் தாண்டிப் போகிற விதி இருப்பதால் அவன் எழுதியது ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. வகுப்புக்குள் நமக்குப் பிடித்த பெயரைப் பயமில்லாமல் வைக்கலாம் என்றால் அதற்கு விலையாகச் செல்ஃப் என்று ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். எனக்கு இது நியாயமான விலையாகத்தான் படுகிறது. செல்ஃபை எடுத்துவிடலாமே என்று கேட்டவர்களுக்கு, அது ஏன் இருக்க வேண்டும் என்று பைதனை உண்டாக்கிய கீடோ வான் ரொசம் 2008ல் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்.

நேம் எரர் வந்தால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது வராவிட்டால்தான். பையன் சோதனைக்காக ஃபைலின் மேலே, வகுப்புக்கு வெளியே, வரம்பு என்று ஐயாயிரத்தை வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஃபங்ஷனுக்குள் உள்ள வெறும் வரம்பு ரோட்டுக்குப் போய் அந்த ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கும். எரர் இல்லை, சத்தம் இல்லை. பத்தாயிரம் வரை கடன் கிடைக்கும் என்று வருகிற ஒரு வீட்டை ஆறாயிரத்தில் திருப்பி அனுப்பியிருக்கும். நோன்பு மாதத்தில், கடைக்கு முன்னால் நாலு பேர் நிற்கும்போது. அந்த ராத்தாவாவது பால்மாவைக் காட்டிக் கேட்க முடிந்தது. இதில் கேட்க ஒரு தடயமும் இருக்காது.

வேறு இரண்டு விஷயம், சுருக்கமாக. 

வகுப்பின் உள்ளே, ஃபங்ஷனுக்கு வெளியே, மேலே எழுதிய பெயர் கீழ் வரிகளுக்கு நேரே தெரியும். ஆனால் அங்கே லிஸ்ட் கொம்ப்ரிஹென்ஷன் எழுதினால் கவனம். முதல் ஃபோரில் எதைச் சுற்றி ஓட வேண்டும் என்று சொல்கிற இடத்தில் மட்டும் வகுப்பின் பெயர் தெரியும், மற்ற இடங்களில் தெரியாது. பைதன் 3ல் கொம்ப்ரிஹென்ஷனுக்குத் தனி ஸ்கோப், அதுவும் ஃபங்ஷன் மாதிரி வகுப்பைத் தாண்டித்தான் பார்க்கும். 3.12ல் கொம்ப்ரிஹென்ஷனை வேகமாக்கினார்கள், இந்த விதியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

மற்றது, ஒரு வீட்டுக்கு மட்டும் வரம்பைக் கூட்ட வேண்டும் என்றால் அந்த ஒப்ஜெக்டில் எழுதுங்கள். மற்ற வீடுகளுக்கு வகுப்பின் பத்தாயிரமே இருக்கும். எல்லோருக்கும் மாற்ற வேண்டும் என்றால் வீடு புள்ளி வரம்பு என்று வகுப்பில் மாற்றுங்கள். சொந்தமாக வரம்பு வைத்திருக்கும் வீடு அப்போதும் தன்னுடையதையே பார்க்கும். பெருநாள் மாதத்துக்கு நானா இதைத்தான் கேட்டிருக்கிறார், பையன் செய்துகொண்டிருக்கிறான்.

டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு சனிக்கிழமைக்கு ஒரு வேலை. பையனுடைய பழைய புரோகிராமை எடுங்கள், சாமான்கள் என்ற வெறும் லிஸ்ட் வகுப்பிலேயே இருக்கட்டும், இனிட் வேண்டாம். அப்பென்ட் வரியை மட்டும் இரண்டு விதமாக மாற்றுங்கள். முதல் தடவை, செல்ஃப் புள்ளி சாமான்கள், கூட்டல் குறியும் சமன் குறியும் ஒட்டி, பிறகு சதுர அடைப்புக்குள் சாமான். இரண்டாம் தடவை, செல்ஃப் புள்ளி சாமான்கள் சமன் செல்ஃப் புள்ளி சாமான்கள் கூட்டல் சதுர அடைப்புக்குள் சாமான். பார்த்தால் ஒரே அர்த்தம் போலத்தான் இருக்கும். இரண்டு வீட்டை உண்டாக்கி, ஆளுக்கொரு சாமான் போட்டு, இரண்டு பில்லையும் அடித்துப் பாருங்கள். ஒன்றில் சாமான் கலக்கும், மற்றதில் கலக்காது. எது கலக்கிறது என்று மட்டும் எழுதிக்கொண்டு வர வேண்டாம், ஏன் என்று சொல்லத் தெரிந்து வாருங்கள். போன வருட பேட்ச்சில் இதற்கு ஒரு பிள்ளை சொன்ன விளக்கம் என்னுடையதை விட நன்றாக இருந்தது.